கரடியார் வாங்கிவந்த அங்கீகாரம்

ஒரு காட்டில், மழைக்காலம் ஓய்ந்ததும் ஆற்று மணலில் மீன் சுடும் போட்டி நடக்கும். கறி என்று வைத்தால் யாருடைய கறி என்று அடிதடி வரும். மீன்களுக்கு அந்தக் காட்டில் ஓட்டு கிடையாது. ஆகவே மீன்.

நடுவர் என்று யாரும் இல்லை. யாருடைய அடுப்பைச் சுற்றிக் கூட்டம் கலையாமல் நிற்கிறதோ அவர்தான் ஜெயித்தவர். பெரும்பாலும் ஜெயிப்பது ராக்கப்பன் என்ற கரடிதான். விறால் மீனில் காட்டுமிளகும் புளியங்கொழுந்தும் அரைத்துத் தடவி, தேக்கிலையில் சுற்றித் தணலில் புதைப்பான். இலையைப் பிரித்தால் அக்கரையில் இருப்பவர்களும் நீந்தி வந்துவிடுவார்கள்.

ஆனால் ராக்கப்பனுக்கு அது போதவில்லை.

"நம்ம ஆளுங்க கைதட்டி என்ன பிரயோஜனம்? சர்க்கார் ஒத்துக்கணும்" என்று புலம்பிக்கொண்டே இருப்பான்.

நீர்நாய் பேச்சி அவனிடம் வழக்கமாகத் தோற்பவள். தோற்ற கையோடு அவன் மீனை முதலில் தின்பவளும் அவளே. "ஏண்ணே, நல்லாத்தானே போயிட்டிருக்கு? சிங்கத்துகிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றாள்.

"உனக்கு லட்சியம் கிடையாது பேச்சி."

ஒரு குடம் தேனைத் தூக்கிக்கொண்டு ராக்கப்பன் கலை பண்பாட்டுத் துறைக்குப் போனான். அங்கே துணை இயக்குநராக இருந்த தண்டபாணி என்ற குள்ளநரி, தேனை நக்கிக்கொண்டே பேசினார்.

"உங்களைப் போன்ற கலைஞரை அரசு எப்போதோ கவனித்திருக்க வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை. காட்டுக்குள் தீ மூட்டக் கூடாது என்று விதி இருக்கிறது."

"ஐயா, இது மீன் சுடுற போட்டிங்க."

"தாராளமாகச் சுடுங்கள். தீதான் வேண்டாம் என்கிறோம்."

ராக்கப்பன் அப்போதே எழுந்து வந்திருக்கலாம். அதற்குள் தண்டபாணி, "அரசு அங்கீகாரம் பெற்ற மீன் சுடும் விழா, தலைவர் ராக்கப்பனார்" என்று ராகம் போட்டுச் சொல்லிக் காட்டினார். அந்த 'ஆர்' விகுதியில் கரடி தலைகுப்புற விழுந்தது.

விழா நாளில் பந்தலும் ஒலிபெருக்கியும் வந்தன. சிங்கராஜா வந்தபோது உச்சிவெயில். வரவேற்புரை, வாழ்த்துரை, அப்புறம் வாழ்த்தியவர்களை வாழ்த்தி ஓர் உரை. ராக்கப்பன் மசாலா தடவிய பச்சை மீனைச் சூடான பாறையில் வைத்துவிட்டுச் சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஈக்கள் வந்து தின்று பார்த்தன.

ராஜாவின் மச்சான் ஒரு கழுதைப்புலி. அவன் அந்த நிமிஷம் ஆற்றில் பிடித்த மீனை அப்படியே இலையில் போட்டு நீட்டினான். மீன் வாலை அடித்துக்கொண்டிருந்தது. வேகவைத்த எதையும் பிறந்ததிலிருந்து தொட்டிராத சிங்கம் அதை ஒரே வாயில் விழுங்கியது.

"அடடா! சுட்ட மீன் என்றால் இதுவல்லவா! என்ன பக்குவம்!"

முதல் பரிசு மச்சானுக்கு. தலைவருக்கு ஒரு பொன்னாடை. எல்லோருக்கும் முன்னால் கைதட்டியது ராக்கப்பன்தான்.

பொழுது சாய்ந்து பரிவாரம் போனதும் பாறைக்குப் பின்னாலிருந்து மணம் வந்தது. ராக்கப்பன் எட்டிப் பார்த்தான். பேச்சியும் கூட்டமும் தணலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள்.

"வாங்கண்ணே! காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடலையே நீங்க. பெரிய விறாலா உங்களுக்குன்னு வச்சிருக்கேன்."

ராக்கப்பனுக்கு எச்சில் ஊறியது. ஓரடி எடுத்து வைத்தான். தோளிலிருந்து பொன்னாடை நழுவியது. அதைச் சரிசெய்துகொண்டதும் குரலே மாறிவிட்டது.

"யாரைக் கேட்டுத் தீ மூட்டினீங்க? அங்கீகாரம் இல்லாத போட்டி நடத்துறீங்களா?"

"போட்டி இல்லண்ணே. பசி."

"அதுக்கும் அனுமதி வாங்கணும்."

இரண்டு கையாலும் ஆற்று நீரை அள்ளித் தணலில் ஊற்றினான். பேச்சி அரைவேக்காட்டு மீன்களை எடுத்துச் சாம்பலைத் தட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள். மற்றவர்களும் அவள் பின்னால் இறங்கினார்கள். அக்கரை சிங்கத்தின் எல்லை இல்லை. கொஞ்ச நேரத்தில் அங்கே புகை எழுந்தது.

ராக்கப்பன் சுற்றும்முற்றும் பார்த்தான். ஈரச் சாம்பலைக் கிளறினான். கருகின வால் துண்டு ஒன்று அகப்பட்டது. பொன்னாடையைத் தலைக்கு மேல்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தம் வராமல் அதைச் சப்பினான்.

நீதி: பிள்ளைகளே, சமையலில் தீ மிகவும் ஆபத்தானது, அது இல்லாமலே முதல் பரிசு வாங்கப் பழகுங்கள்.