பளபள நட்டு

மனசில் ஒருத்தியை வைத்திருப்பவன் கடைக்குப் போனால், எதையும் பளபளப்பாகத்தான் வாங்குவான். நான் நட்டு வாங்கினேன்.

அப்போது கடலூர் செம்மண்டலத்தில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தேன். சிதம்பரத்தில் என் தாய்மாமா, வாசல் கேட்டுக்குத் தகடு அடிக்கவேண்டும் என்றார். கேட் சட்டத்தில் இருபது நட்டுகளைப் பற்றவைத்து, போல்ட் போட்டுத் தகட்டை முடுக்கவேண்டும். அரைநாள் வேலை. முடித்த கையோடு, மாமா மகள் அரசியை எனக்குக் கட்டிக்கொடுங்கள் என்று கேட்டுவிடுவதாகத் திட்டம். மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பண்ருட்டியிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். விட்டால் போச்சு.

கறுப்பு நட்டு வாங்கு, முலாம் பூசினதைப் பற்றவைத்தால் புகை ஆளைச் சாய்த்துவிடும் என்று பட்டறைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். அரசி வீட்டு வாசலுக்குக் கறுப்பு நட்டா? (கேட்டுக்குப் பின்னால் இருக்கும் நட்டை எந்த மகராசி பார்க்கப்போகிறாள் என்று தோன்றவில்லை.)

முதல் நட்டிலேயே வெள்ளைப்புகை கிளம்பியது. மோர்ச் சொம்போடு அரசி எதிரே நின்றாள். இருமினால் மானம் போய்விடும் என்று இருபதையும் மூச்சுமுட்ட முடித்தேன். பொறி தெறித்து மரை அடைத்து, ஏழு நட்டில் போல்ட் ஏறவே இல்லை. காற்றடித்தால் அந்தத் தகடு இன்றைக்கும் தடதடக்கும்.

சாயங்காலம் மாமா எதிரில் உட்கார்ந்து, "ஒரு விஷயம் கேக்கணும்" என்றேன். அதற்குமேல் பல்தான் பேசியது. கொளுத்தும் சித்திரையில் மூன்று போர்வை போர்த்திப் படுக்கவைத்தார்கள். எதுவானாலும் காலையில் பேசிக்கொள்ளலாம் என்றார் மாமா.

அரசி பண்ருட்டிக்கு வாழப் போனாள். அப்புறம் என் திட்டம் தெரிந்த அம்மா வாய்விட்டதில் விஷயம் வெளியே வந்து, பெண் கேட்கப் பயந்து நடுங்கினவன் என்று பெயராகிவிட்டது. அரசியின் பிள்ளைகளுக்கே நான் 'குளிரு மாமா'. பதினைந்து வருஷமாக விசேஷத்துக்கு விசேஷம் முலாம், புகை என்று விளக்குகிறேன். எவன் நம்புகிறான்? சிரித்துக்கொள்வேன். ஆனால் சிதம்பரத்துக்கு பஸ் ஏறும்போதெல்லாம், அவளும் வந்திருக்கவேண்டுமே என்று மனசு கிடந்து ஏங்கும்.

போன தையில் மாமா வீட்டுப் பந்தியில் மறுபடி அதே கதை. சிரிப்பு அடங்கியதும், ரசம் ஊற்றக் குனிந்த அரசி மெதுவாகச் சொன்னாள்:

"நான் நம்புறேன் மாமா. பொகைதான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆனா விடியறப்பவே ஜுரம் விட்டுடுச்சே. பதினோரு மணி வரைக்கும் நான் வாசல்லயேதான நின்னேன்?"

இப்போதெல்லாம் பிள்ளைகள் 'குளிரு மாமா' என்று கூப்பிட்டால், நான் விளக்கம் சொல்வதில்லை.