கருத்தக்கண்ணன் ஏன் காணாமல் போனார்?

என் வீட்டுக்காரர் தமிழ்மாறன் காபி டம்ளரை ஓங்கி வைத்து அறிவித்தார்: "இனிமே இந்த வீட்டுல கருத்தக்கண்ணன் அண்ணன் பாட்டுல சொல்றதுதான் சட்டம்!"

கருத்தக்கண்ணன், எங்கள் அம்மாக்கள் காலத்தில் தானே எழுதித் தானே பாடிக் கேசட் போட்டவர். மொத்தம் ரெண்டே கேசட். அப்புறம் ஆளைக் காணோம். இப்போது யாரோ சென்னைக்காரர்கள் அவற்றைக் கறுப்பு இசைத்தட்டாக மறுபடி வெளியிடுகிறார்கள். முதல் தட்டை இவர் வாங்கிவிட்டார். அதைச் சுழற்றும் பெட்டி மட்டும் இல்லை. அது மாடிவீட்டு ஹரிராம் அண்ணனிடம் இருந்தது. ஆக, எங்கள் வீட்டுச் சட்டம் மாடியில் இயற்றப்பட்டுக் கீழே வந்து அமலாகும்.

முதல் தட்டு முழுக்க மீசை.

"பொண்டாட்டிக்கு அஞ்சாதே, தின்ன தட்டக் கழுவாதே,
அம்மா வீட்டுக்கு அனுப்பாதே, அனுப்பிப்புட்டுப் புலம்பாதே!"

"ஏங்க, எங்க ஊர்ல அடுத்த வாரம் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுறாங்க. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாடிப்பட்டிக்குப் போயி இருந்துட்டு வாரேன்."

"அண்ணன் சொன்னதக் கேட்டேல்ல?"

"கேட்டேன். அவரு பாட்டுக்குப் பாடிட்டுப் போயிட்டாரு. எங்கம்மா வெதை பொறுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு!"

"கலைஞன் வாக்கு, செல்வி. இம்புட்டுப் பெரிய ஆளு ரெண்டு கேசட்டோட ஏன் காணாமப் போனாரு? சதி! எவனோ பொறாமைக்காரன் வேலை!"

இவருக்குத் தெரியாத சங்கதி ஒன்று எனக்குத் தெரியும். கருத்தக்கண்ணன் எங்கள் பக்கத்து ஊர்க்காரர். எங்கள் ஊரில் காதுகுத்து, கல்யாணம் எதுவானாலும் மைக்செட்டில் ரெண்டாவது கேசட்தான் ஓடும். முதலாவதைப் போட்டால் பெண்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். பந்தி நடக்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரெண்டாவது தட்டு வந்தது. இடுப்பில் பிள்ளையோடு நானும் மாடியேறினேன்.

"ஏங்க, இதுல அண்ணன் என்ன சொன்னாலும் செய்வீகளா?"

"ஆம்பள வாக்கு!"

"பத்மாசினி அக்கா, கேட்டுக்கங்க."

"நானும் கேட்டுக்கிட்டேன், எங்க வீட்டுக்காரரும் கேட்டுக்கிட்டாரு" என்றார் மாடிவீட்டு அக்கா. ஹரிராம் அண்ணன் எதையும் கேட்கவில்லை. பழக்கத்தில் தலையாட்டினார்.

முள் இறங்கியது.

"கட்டிக்கிட்டேன் ஒருத்திய, கழட்டி வச்சேன் வீறாப்ப!
போயி வாடி தாய்வீடு, பொறுமையா வா, அவசரமில்ல,
சோறு நானே பொங்குறேன், சட்டி நானே கழுவுறேன்!"

இவருடைய மீசையும் இறங்கியது.

"அண்ணே, ஆளு மாறிப்போச்சா?"

"அதே ஆளுதான் மாப்ள. இடையில கல்யாணம் முடிச்சிட்டாரு" என்றார் ஹரிராம் அண்ணன், தட்டின் அட்டையைப் படித்து.

சாயங்காலமே நான் வாடிப்பட்டி பஸ்ஸில் இருந்தேன். முளைப்பாரி நன்றாக முளைத்து வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை போன் வந்தது. பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"செல்வி, அண்ணன் மூணாவதா ஒரு கேசட் போட்டிருந்தா அதுல மனசு மாறியிருப்பாருல்ல? ஒங்க பக்கத்து ஊருதானாமே, அட்டையில போட்டிருக்கு. ஏன் போடலன்னு நேர்ல போயிக் கேளு!"

"நேத்தே பாத்துக் கேட்டுட்டேங்க."

"என்ன சொன்னாரு? சதிதானே?"

"பாத்திரம் கழுவவே நேரம் பத்தலையாம்."