கன்னத்தில் ஒதுங்கிய குழந்தை

பல்லில் 'கடுக்'கென்று ஏதோ தட்டியதும் மக்லோவியோ மெல்லுவதை நிறுத்தினான். நாக்கால் தடவிப் பார்த்தான். சின்னத் தலை, சின்னக் கை, மடக்கிய கால். சந்தேகமே இல்லை, அதுதான்.

போச்சுடா என்று மனதுக்குள் அலறினான்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள். ஃப்ரெஸ்னோவுக்குத் தெற்கே ஒரு திராட்சைத் தோட்டம். பத்து மணியாகியும் பனி விலகவில்லை. மேஸ்திரி அபுந்தியோவையும் சேர்த்துக் கொடி வெட்டுகிற ஒன்பது பேரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, அவன் வண்டியைச் சுற்றி நின்று ரோஸ்கா தின்றுகொண்டிருந்தார்கள். வளையமாகச் சுட்ட அந்த ரொட்டிக்குள் விரல்நகம் அளவில் குழந்தை ஏசு பொம்மை ஒன்று ஒளிந்திருக்கும். அது யார் துண்டில் அகப்படுகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி அத்தனை பேரையும் குடும்பத்தோடு வீட்டுக்கு அழைத்துத் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை அவித்துப் போட வேண்டும். முடியாது என்று சொல்ல வழியில்லை. குழந்தை ஏசுவிடம் போய் யார் முடியாது என்பது?

போன வருடம் மக்லோவியோவுக்குத்தான் கிடைத்தது. அதற்கு முந்தின வருடமும் அவனுக்கே. ஐம்பத்தெட்டுப் பேர் வந்தார்கள். எல்விரா இரண்டு நாள் சோளமாவு பிசைந்தாள், மூன்றாம் நாள் கையைத் தூக்க முடியாமல் படுத்தாள்.

அந்த பிப்ரவரி இரண்டுதான் அவர்களுடைய கல்யாண நாளும். சொந்த ஊரான மிச்சொவாக்கானை விட்டு வந்து இருபது வருடம். கடல் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிறது. எல்விரா இன்னும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆறு நாள் தோட்டம், ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டு வேலியையாவது கட்டுகிற வேலை. குடும்பத்துக்காகத்தான் இத்தனை உழைப்பு. குடும்பத்தைப் பார்க்கத்தான் பாவி மனுஷனுக்கு நேரமில்லை.

காலையில் சாப்பாட்டு டப்பாவைக் கையில் திணிக்கும்போதே எல்விரா சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் கடல் இல்லேன்னா, நானும் மூணு பொண்ணுங்களும் பஸ் ஏறிப் போயிடுவோம். நீ ஊருக்கெல்லாம் விருந்து வச்சுக்கிட்டு இங்கயே கிட."

சொன்னால் செய்கிறவள். மக்லோவியோ பொம்மையை நாக்கால் தள்ளி இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான்.

"என்னடா, கன்னம் வீங்கியிருக்கு?" என்றான் அபுந்தியோ. கையுறையைக்கூடக் கழற்றாமல் தின்றுகொண்டிருந்தான்.

"ம்ம். பல்லு."

"பல்லா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன? எங்கிட்ட கிராம்பு இருக்கு. வாயத் தொற, நானே வச்சு விடறேன்."

"வேணாண்ணே..."

"தொறடா!"

மக்லோவியோ சட்டென்று திரும்பி இருமுகிற சாக்கில் பொம்மையைக் கையில் கழற்றிப் பிடித்திருந்த கையுறைக்குள் துப்பினான். திரும்பி வாயைத் திறந்தான். நன்றாயிருந்த பல்லின் மேல் அபுந்தியோ நான்கு கிராம்பை வைத்து அழுத்தினான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"வலிக்குதா?"

"இப்பத்தான் வலிக்குது."

தட்டு காலியாயிற்று. ராமிரோ தட்டைத் தூக்கிக் கவிழ்த்தும் பார்த்துவிட்டான்.

"ரொட்டி தீந்துடுச்சு. பொம்மை எங்க?"

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருன்னு சொல்லிடுங்கப்பா. இல்லேன்னா எல்லார் பையையும் சோதிக்கணும்" என்றான் அபுந்தியோ. சொன்ன வேகத்திலேயே, "சேச்சே! நமக்குள்ள என்ன சோதனை? அசிங்கம்!" என்று தானே மாற்றிக்கொண்டான்.

"அதானே! நாம என்ன திருடங்களா?" என்றான் ராமிரோ.

"மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல" என்று இன்னும் நான்கைந்து குரல்கள்.

மக்லோவியோவுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் கேட்காமலே மிளகாயை அள்ளுகிற கூட்டம் இது. இவர்களுக்கு இத்தனை நாகரிகம் எங்கிருந்து வந்தது? எதுவானாலும் தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

அந்த மூச்சு பாதியில் நின்றது.

"அட, உன் கையுறை கிழிஞ்சு தொங்குது பாரு. குடு, புதுசு தர்றேன்" என்று அபுந்தியோ கையை நீட்டினான்.

"பரவால்லண்ணே, இதுவே போதும்."

"குடுடா, கம்பெனி குடுக்குது, உனக்கென்ன!"

பக்கத்தில் சாக்லேட் கஞ்சிப் பாத்திரம் ஆவி பறக்க இருந்தது. குழந்தை ஏசுவே மன்னிச்சுக்கோ என்று முனகிக்கொண்டே மக்லோவியோ கையுறையை அதன் மேலாக உதறினான். 'ப்ளக்' என்றது.

"யாருக்கெல்லாம் இன்னும் கஞ்சி வேணும்?" என்று ராமிரோ கரண்டியைத் தேடினான்.

மக்லோவியோ பாய்ந்து கரண்டியைப் பிடுங்கினான். "எனக்கு! எனக்குத்தான் மொதல்ல!"

ஒரு கப் குடித்தான். பொம்மை வரவில்லை. இரண்டாவது கப்பிலும் இல்லை. நாக்கு வெந்தது. நான்காவது கப் முடிந்தபோது வயிறு மேளம் மாதிரி ஆகிவிட்டது.

"பல்வலிக்காரன் சுடச்சுட நாலு கப்பு குடிக்கிறானே, இது என்ன பல்வலி?" என்றான் ராமிரோ.

அபுந்தியோ கரண்டியை வாங்கிக்கொண்டு, மிச்சத்தைப் பாத்திரத்தோடு சாய்த்து நிக்கானோரின் கப்பில் ஊற்றினான். நிக்கானோர் குவெரேரோவிலிருந்து வந்து ஐந்தே மாதம். ஆறு பேரோடு ஒரு கார் கொட்டகையில் தூங்குகிறான். பெண்டாட்டியும் கைக்குழந்தையும் ஊரில்.

அவன் ஒரு வாய் குடித்தான். முகம் வெளுத்தது. வாயிலிருந்து எடுத்துப் பார்த்தான். இன்னொரு கை தானாகத் தொப்பிக்குப் போய்த் தடவிப் பார்த்தது.

"எப்படி... இது எப்படி இங்க..."

"நிக்கானோர்! நிக்கானோர்தான்!" என்று எல்லோரும் அவன் முதுகில் தட்டினார்கள். லாட்டரி விழுந்தவர்களைப் போல ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். மக்லோவியோ மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, எனக்கு அடுப்பே கிடையாதுண்ணே. எங்க போய் அவிப்பேன்?" என்றான் நிக்கானோர்.

இருபது வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி அடுப்பில்லாத அறையில் மக்லோவியோவும் கிடந்திருக்கிறான். மனசு கேட்கவில்லை. கடல் ஒரு பக்கம் இழுத்தது, எல்விராவின் முகம் ஒரு பக்கம் மிரட்டியது. ஆனாலும் வாய் திறந்துவிட்டது.

"விடுங்கடா அவன. அது என்னுது. என் துண்டுலதான் வந்துச்சு. பயந்து போய் நான்தான் கஞ்சியில போட்டேன்."

யாரும் அவனைத் திட்டவில்லை. அதுதான் வேடிக்கை. அபுந்தியோ பூட்ஸைப் பார்த்தபடி, "மனுஷன்னா நீதாண்டா" என்றான். ராமிரோ தொண்டையைச் செருமினான். நிக்கானோர் தேம்பினான். மக்லோவியோ அவனிடமிருந்து பொம்மையை வாங்கித் துடைத்துக் காலித் தட்டில் வைத்தான். எல்விராவிடம் இதை எந்த வாயால் சொல்வது?

அப்போதுதான் ரொட்டிக்கடை தோன்யா குக்கா, தட்டை வாங்கிப் போக வண்டியை நிறுத்தி இறங்கினாள். தட்டைப் பார்த்தாள், ஆட்களைப் பார்த்தாள், மறுபடி தட்டைப் பார்த்தாள்.

"என்னய்யா, ஒண்ணுதான் இருக்கு?"

"ஒண்ணுதானே இருக்கும், தோன்யா" என்றான் மக்லோவியோ ஈனமாக.

"உன் பொண்டாட்டி நேத்து கடைக்கு வந்து, 'எப்பவும் எம் புருஷன் தலையிலயே விடியுது, இந்தத் தடவை ஆளுக்கு ஒண்ணு வச்சிடுங்க, எங்க பங்கை முந்தின நாளே அவிச்சுக் குடுத்துட்டு நாங்க கடலுக்குப் போறோம்'னு சொன்னாளேன்னு, துண்டுக்கு ஒண்ணா ஒம்போது பொம்மைய என் கையால வச்சேன், மீதி எட்டும் எங்கடா, திருட்டுப் பசங்களா?"