டிரைவர் அறிந்த ரகசியம்

ஞாயிற்றுக்கிழமை மகள் சிரீனுக்கு நிச்சயதார்த்தம். அதற்குள் ஒரே ஒரு மக்ரூத்தாவது தின்றே தீருவது என்று ரவூஃப் சபதம் எடுத்தார். சர்க்கரை வியாதிக்காரர் எடுக்கவேண்டிய சபதம் அல்ல. ஆனால் பேரீச்சையை உள்ளே வைத்துத் தேனில் ஊறப்போட்ட பலகாரத்துக்கு அதெல்லாம் தெரியுமா?

துனிஸில் பூட்டு செய்யும் கம்பெனி ஒன்றுக்கு, பூட்டின் எண் பொத்தான்களுக்கான டிரைவர் என்ற மென்பொருளை வீட்டிலிருந்தபடியே எழுதிக்கொண்டிருந்தார் அவர். கெர்னல் என்பது கணினியின் வீட்டு எஜமானி. எல்லாம் அவள் உத்தரவுப்படிதான். வெளியே யார் எந்தப் பொத்தானை அமுக்கினார்கள் என்று அவளிடம் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுக் கைகட்டி நிற்பதுதான் டிரைவர். இந்த உத்தியோகம் ரவூஃபுக்குப் புரிந்த மாதிரி வேறு யாருக்கும் புரிந்திருக்காது.

அன்று வேலை ஓடவில்லை. பொத்தானை ஒரு தடவை அமுக்கினால், உள்ளே தகடு துள்ளித் துள்ளி நாலு தடவை என்று கணக்குக் கொடுத்தது. அவர் மனசு அதைவிட மோசமாகத் துள்ளியது. வீடெல்லாம் மக்ரூத் வாசனை. மேசைக்கடியில் கிடந்த பழைய வயர்ப் பெட்டிமேல் காலை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். கடைசியில் எழுந்து சமையலறைக்குப் போனார்.

"என்ன வேணும்?" என்றாள் மனைவி பஹீஜா.

"தண்ணி."

"காலைலேர்ந்து இதோட எத்தன தண்ணி? ஒட்டகம்கூட இப்படிக் குடிக்காது. அந்த வயர்ப் பெட்டிய ஒழுங்கு பண்ணச் சொன்னேனே, பண்ணீங்களா?"

"பண்றேன் பண்றேன். வாசனை ஆளத் தூக்குதே பஹீஜா."

"மாப்பிள்ள வீட்டுக்கு வச்சிருக்கேன். தட்டுல ஒண்ணு கொறஞ்சாலும் அவரோட அத்தை ஊரெல்லாம் சொல்லிட்டு வருவா. உங்க சர்க்கரை வேற எகிறிக் கெடக்கு. ஏங்க, உங்க பூட்ட இந்த அலமாரியில மாட்டுங்களேன். சோதிச்சுப் பாத்த மாதிரியும் இருக்கும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பூனையையே பாலுக்குக் காவல் வைக்கிறாள்.

"மாட்டறேன். யார் எந்தப் பொத்தான அமுக்கினாலும் மொதல்ல என் டிரைவருக்குத்தான் தெரியும். கெர்னலுக்கே அப்புறந்தான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். பஹீஜா வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே, "அப்படியா," என்றாள். இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்று ரவூஃப் தேறிக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் பூட்டு ஏறிவிட்டது. துள்ளலும் அடங்கிவிட்டது. அமுங்கிய பொத்தான் கொஞ்ச நேரம் ஆடாமல் நின்றால்தான் இனி கணக்கு.

"ரகசிய எண் போடப்போறேன். அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"திரும்பிட்டேன்மா."

"கண்ண மூடுங்க."

"மூடிட்டேன்."

கண்ணை மூடினால் என்ன, டிரைவர் விழித்துக்கொண்டுதான் இருந்தது. விசுவாசமான பிள்ளை. மூன்று, ஒன்று, இரண்டு என்று அவர் கணினியில் கொண்டுவந்து போட்டது. எங்கேயோ பார்த்த எண்ணாக இருக்கிறதே என்று யோசித்தார். பிறகு விட்டுவிட்டார்.

மறுநாள் அம்மாவும் மகளும் ஹம்மாமுக்குக் கிளம்பினார்கள். நிச்சயதார்த்தக் குளியல் என்றால் சாமானியத்தில் முடியாது. தெருவில் அவர்கள் பேச்சுக்குரல் தேய்ந்ததும் ரவூஃப் அலமாரி முன் நின்றார். மூன்று. ஒன்று. இரண்டு. கதவு திறந்தது.

உள்ளே ஒரு தட்டு. தட்டில் ஒரு வெள்ளரிக்காய். பக்கத்தில் அவருடைய சர்க்கரை பார்க்கும் கருவி. போன வாரம் அது காட்டிய எண் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு.

"சீப்ப மறந்துட்டேன்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

திருடனைத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

"பூட்டச் சோதிச்சேன்," என்றார் ரவூஃப்.

"நல்லா வேல செய்யுது. வெள்ளரிக்காயச் சாப்பிடுங்க."

"மக்ரூத் எங்க பஹீஜா? தொடமாட்டேன், வல்லாஹி. எங்கனு மட்டும் சொல்லேன்."

அவள் சீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்றும் மறுநாளும் அவர் அலசாத இடமில்லை. கட்டிலடி, பரண், துணி துவைக்கும் இயந்திரம், எங்கும் இல்லை. ஆனால் மேசைக்குத் திரும்பினால் வாசனை இன்னும் தூக்கலாக அடித்தது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை.

ஞாயிறன்று வாசலில் மாப்பிள்ளை வீட்டாரின் குலவைச் சத்தம் கேட்டது. பஹீஜா நேரே அவர் மேசைக்கு வந்தாள்.

"கொஞ்சம் காலத் தூக்குங்க."

தூக்கினார். வயர்ப் பெட்டியை வெளியே இழுத்தாள். மேலே கிடந்த வயர்களை அள்ளிப் போட்டுவிட்டு, அடியிலிருந்து பெரிய தகர டப்பா ஒன்றை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"வருஷக்கணக்கா ஒழுங்கு பண்ணச் சொல்றேன். நீங்க தெறக்கவே மாட்டீங்கனு நான் நம்புற பெட்டி, இந்த வீட்ல இது ஒண்ணுதாங்க."