பன்னிரண்டு நாற்பதுக்கு வந்த திருடன்

"எனக்குத் தெரியாது" என்று சொல்ல இரண்டு நொடிகூட ஆகாது. அந்த இரண்டு நொடியை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் என் கொழுந்தியாளின் கல்யாணப் பேச்சையே குட்டிச்சுவராக்கப் பார்த்தேன்.

அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர், மத்திகிரியில் வாடகை வீடு. வண்டிக்குப் போகிற உதிரிபாகங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தலைமுடி கனத்துக்குக் கீறல் இருந்தாலும் தூக்கித் தனியே போடுவதுதான் என் வேலை. இதை மாமனார் வீட்டில் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். என் கண்ணுக்குத் தப்பி ஒரு வண்டி இந்தியாவில் ஓடாது என்கிற அளவுக்கு. (யாரும் மறுத்துப் பேசியதில்லை. மாப்பிள்ளை ஆயிற்றே.)

மாமனாருக்குச் சூளகிரியில் நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சொந்த வீடு. சுற்றிலும் புதுக் கம்பெனிகள் வந்து, தெருவுக்கு நாலு புது முகம் தெரிய ஆரம்பித்திருந்த நேரம். பக்கத்துத் தெருவில் யாரோ ஒருவர் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி காணாமல் போனதிலிருந்து மாமனாருக்குத் தூக்கம் போய்விட்டது.

"ஒரு கேமரா மாட்டிடலாம்னு பாக்கறேன் மாப்ளே. உங்களுக்குத் தெரிஞ்ச ஆளு யாருனா இருக்காங்களா?"

"ஆளு எதுக்கு மாமா? நான் எதுக்கு இருக்கேன்?"

சொன்னவனுக்கு அதுவரை சுவரில் காலண்டர் மாட்டிய அனுபவம்கூடக் கிடையாது. அதற்கும் என் மனைவி ரீட்டாதான் ஆணி அடித்தாள்.

கேமராவை அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் மாட்டியே ஆகவேண்டும் என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு ரீட்டாவின் தங்கை ஜான்சியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் பர்கூரிலிருந்து வருவதாக இருந்தது. பார்க்க என்பதெல்லாம் ஒரு பேச்சுக்குத்தான். ஜான்சியும் அந்தப் பையன் சாமுவேலும் போச்சம்பள்ளிக்குப் போகிற ஒரே கம்பெனி பஸ்ஸில் இரண்டு வருடமாக ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், அவர்கள் சி.எஸ்.ஐ. எந்தக் கோயிலில் தாலி கட்டுவது என்பதிலேயே ஒரு வருடம் ஓடிவிட்டது. எல்லாரும் இறங்கி வந்த பிறகும் சாமுவேலின் தாய்மாமன் தேவராஜ் மட்டும் இறங்கவில்லை. கடைசியில், "வந்து பாக்கறேன். அப்பறம் சொல்றேன்" என்றாராம். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஜான்சி பத்து நாளாகச் சரியாகச் சாப்பிடாமல் ஜெபமாலையும் கையுமாக இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலமே போய் வேலையை ஆரம்பித்தேன். கேமரா உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெள்ளை உருண்டை. வயர்லெஸ் என்று பெட்டியில் போட்டிருந்தது. உள்ளே இரண்டு மீட்டர் வயர் இருந்தது. (கரண்டுக்காம்.) செயலி கேட்ட கேள்விக்கெல்லாம் படிக்காமல் 'அடுத்து', 'அடுத்து' என்று அமுக்கினேன். ரூட்டரின் பாஸ்வேர்டு மாமனாருக்குத் தெரியாது. கேபிள்காரருக்குப் போன் செய்தால் அவர் பாதிக் கன்னடத்தில், "ரூட்டர் கெளகடெ பரெதிதெ சார், திருப்பிப் பாருங்க" என்றார். திருப்பினேன். கீழே எழுதித்தான் இருந்தது. திருப்பிய வேகத்தில் ரூட்டரின் வயர் பிடுங்கிக்கொண்டதால் மறுபடி அவருக்கே போன் செய்ய வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு கேமராவுக்குள் இருந்த ஒரு பெண் பேச ஆரம்பித்தாள். "கனெக்‌ஷன் ஃபெயில்டு" என்றாள். மறுபடி முயன்றேன். மறுபடியும் அதையே சொன்னாள். மாமியார் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாரு மாப்ளே அந்தப் பொண்ணு, வந்ததுலேர்ந்து உங்ககிட்ட கோவமாவே பேசிகினு இருக்குது?" என்று கேட்டார். ஒரே ரூட்டரில் இரண்டு பெயரில் வைஃபை வரும், அதில் ஒன்றைத்தான் இந்த மாதிரிக் கேமராவுக்குப் பிடிக்கும் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. கண்டுபிடித்ததும் அதை முன்பே தெரிந்தவன் போல மாமனாரிடம் விளக்கினேன். ஒருவழியாக வாசல் நிலைக்கு மேலே, கீழே நிற்கிறவர் உச்சி நேராகத் தெரிகிற மாதிரி மாட்டி முடித்தேன். கொஞ்சம் சாய்த்து மாட்டியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

ஞாயிறு காலை கிருஷ்ணகிரியில் உறவுக்காரப் பையனுக்குப் புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். பூசையும் விருந்தும் முடித்து மூன்று மணிக்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம். எல்லாரும் காரில் ஏறுகிற நேரம் பார்த்துக் கேமராவின் விளக்கு சிவப்பாகிவிட்டது. "நீங்க போங்க, நான் சரி பண்ணிட்டுப் பைக்ல வரேன்" என்றேன். அவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியோடு போய்விட்டார்கள். நான் வெளியே லுங்கி பனியனோடு, ஒட்டடைத் தூசுக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அல்லாடினேன். பிறகு விளக்கு தானாகவே பச்சையானது. என்னால்தான் ஆனது என்று முடிவு செய்து, பைக்கில் பையோடு மாட்டியிருந்த வேட்டி சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மூன்று மணிக்கு எல்லாரும் திரும்பினோம். பெண்கள் கேசரி கிளற உள்ளே போனார்கள். நான் என் கேமரா எப்படிப் படம் பிடித்திருக்கிறது என்று பெருமையோடு போனில் பதிவுகளைத் திறந்தேன். அங்கே ஒரு திருடன் இருந்தான்.

பன்னிரண்டே விநாடிப் படம், அதுவும் புள்ளிபுள்ளியாக. முகமூடி கட்டிய ஓர் ஆள் வாசலுக்கு வருகிறான். ஜன்னலில் கையைக் குவித்து வீட்டுக்குள்ளே எட்டிப் பார்க்கிறான். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறான். மூலையில் நேரம் போட்டிருந்தது: 12:40. அந்த நேரத்தில் நாங்கள் எல்லாரும் கிருஷ்ணகிரியில் இரண்டாம் பந்தியில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சாப்பிட்டதற்குப் போட்டோவே இருக்கிறது.

மாமனாரைத் தனியே மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய்ப் போனைக் காட்டினேன். அவர் போன வாரம்தான் கண் ஆபரேஷன் செய்துகொண்டு கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்களே சொல்லுங்க மாப்ளே, ஆளு எப்படி இருக்கான்?"

நான் தொழில் தெரிந்தவன் அல்லவா. நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பு எடுத்தேன். "வயசு நாப்பத்தஞ்சுக்குக் குறையாது மாமா. நல்ல தொப்பை. கால அகட்டி வெச்சு, வயிறு முன்னாடி போகுது, ஆளு பின்னாடி வர்றான். கூலா இருக்கான், பழைய திருடனாத்தான் இருப்பான். முக்கியமா உச்சந்தலையில வடை அளவுக்கு முடியே இல்ல."

இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. கம்பெனியில் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, கண்ணை நம்பாதே, கருவி காட்டுகிற ரீடிங்கை நம்பு என்பதுதான். ரீடிங் 12:40. அதோடு என் மனதில் இருந்த நான் கல்யாண ஆல்பத்தில் இருக்கிற நான். ஒல்லி, அடர்த்தியான முடி. அந்த ஆளுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை.

"நோட்டம் பாக்க வந்திருக்கான் மாமா. சாயங்காலம் கூட்டத்தோட கூட்டமா உள்ள வருவான் பாருங்க. பொம்பளைங்ககிட்டச் சொல்ல வேணாம், பயந்துடுவாங்க. நான் பாத்துக்கறேன்."

நாலு மணிக்கு வேன் வந்து நின்றது. நான் ஹாலில் கதவோரம் நின்றுகொண்டு போனில் நேரலையைப் பார்த்தபடி இருந்தேன். ஒவ்வொருவராக வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினார்கள். முதலில் ஒரு பூ வைத்த கொண்டை. பிறகு சாமுவேலின் வாரிய தலை. மூன்றாவதாகக் குனிந்த தலையை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். உச்சியில் வழுக்கை.

பாய்ந்துபோய் அவர் கையைப் பிடித்தேன். ஒரு செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது.

"மத்தியானம் பன்னெண்டு நாப்பதுக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். "நீங்க யாருப்பா?"

"இந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. உங்கள கேமராவுல பாத்தாச்சு. இனி மறைக்க முடியாது."

சாமுவேல் ஓடிவந்து, "அண்ணா, இவரு என் தாய்மாமன்" என்றான்.

உள் அறை வாசலில் புதுப் புடவையில் நின்ற ஜான்சியின் முகத்தில் ரத்தமே இல்லை. பத்து நாள் பட்டினி கிடந்து அவள் கேட்டதை, நான் கையைப் பிடித்து இழுத்து வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

"வேன திருப்பச் சொல்லுங்க" என்றார் தேவராஜ். குரலை உயர்த்தவில்லை. கழற்றிய செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்.

அந்த இடத்தில் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். நான் நிரூபிக்கக் கிளம்பினேன். "ஒரு நிமிஷம். ஆதாரம் இருக்கு" என்று படத்தை ஹாலில் இருந்த பெரிய டிவியில் போட்டேன். போனில் பெருவிரல் அளவு இருந்த திருடன் டிவியில் ஆள் உயரத்துக்கு வந்து நின்றான். ஜன்னலில் எட்டிப் பார்த்தான். திரும்பி, வயிற்றை முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நடந்தான்.

ரீட்டா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். பயந்துவிட்டாள் என்று நினைத்து, "பயப்படாத ரீட்டா" என்று வேறு சொன்னேன்.

"இன்னொரு தபா போடுங்க" என்றார் தேவராஜ். போட்டேன். அவர் பார்த்த விதமே வேறு மாதிரி இருந்தது. அவர் ஒரு கம்பெனி கேட்டில் முப்பது வருடம் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

"தம்பி, அந்தத் தண்ணி சொம்ப எடுத்துகினு வாங்க."

டிவிக்குப் பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துக்கொண்டு போனேன்.

"திரும்ப அங்கயே வெச்சிட்டு வாங்க."

வைத்துவிட்டு வந்தேன். இந்த முறை அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கால்களைப் பார்த்தார்.

"முப்பது வருஷம் கேட்டுல நின்னவன் நானு. மூஞ்சியப் பாத்து ஒருத்தனையும் பிடிச்சதில்ல, நடையப் பாத்துத்தான் பிடிச்சிருக்கேன். கொஞ்சம் தலையக் குனிங்க தம்பி."

குனிந்தேன். அவர் என் உச்சந்தலையில் ஒரு விரலை வைத்து வட்டமாக ஒரு சுற்று சுற்றினார். முடி இருக்கவேண்டிய இடத்தில் அவர் விரல் தோலில் வழுக்கிக்கொண்டு போவதை வாழ்க்கையில் முதல்முறையாக உணர்ந்தேன்.

"இதுதான் அது" என்றார்.

"இருக்கவே முடியாது" என்றேன் குனிந்தபடியே. "பன்னெண்டு நாப்பதுக்கு நான் பிரியாணி சாப்பிட்டுகினு இருந்தேன்."

சாமுவேல் என் போனை வாங்கி நேரலையைப் போட்டான். டிவியில் காலி வாசலும் கழற்றிப் போட்ட செருப்புகளும் தெரிந்தன. மூலையில் 18:45. சுவர்க் கடிகாரத்தில் நாலே கால்.

"அண்ணா, இது சைனா டைம். ரெண்டரை மணி நேரம் முன்னாடி ஓடும். எங்க கம்பெனியில புது மெஷின் வந்தாலும் இப்படித்தான், மொதல்ல டைம மாத்தணும். நீங்க காலையில பத்து பத்துக்கு வந்திருக்கீங்க."

பத்து பத்து. ரூட்டரில் விளக்கு எரிகிறதா என்று நான் ஜன்னலில் எட்டிப் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. ரீட்டாவாகத்தான் இருக்கும், அவள் முந்தானையால் தாங்க முடியாத கட்டத்துக்கு வந்திருந்தாள். ஆனால் எல்லாரும் சட்டென்று நிறுத்தித் தேவராஜின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தன் தலையைக் குனிந்து எனக்குக் காட்டினார்.

"என்னுது இருவத்தஞ்சு வருஷ சர்வீஸ் தம்பி. உங்களுது இப்பத்தான் புரொபேஷன். ரெண்டையும் ஒண்ணுன்னு சொல்லிட்டீங்களே, இதுக்கு இன்ஸ்பெக்டர் வேலை வேறயா?"

அதற்குப் பிறகுதான் சிரித்தார், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. மிச்சமிருந்த செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். "பொண்ண வரச் சொல்லுங்க. இந்த வூட்டுல ஒளிச்சு மறைக்க ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சுபோச்சு. எந்தக் கோயில்ல வேணா வைங்க" என்றார். ஜான்சி கேசரித் தட்டோடு வந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை, அவளுக்கே பிடிபட்டிருக்காது. எனக்கு மட்டும் அவள் இரண்டு கரண்டி குறைவாக வைத்தாள்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பைக்கில் ரீட்டாவிடம் கேட்டேன். "எத்தன நாளா இருக்கு?"

"ரெண்டு வருஷமா இருக்குதுங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு யாரும் சொல்லல."

யாரும் என்றால் மாமனார், மாமியார், ஜான்சி, தெருவில் பால் ஊற்றுகிறவர், என் லைனில் வேலை செய்கிற அத்தனை பேர். ஊருக்கெல்லாம் தெரிந்த என் தலை எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது. தாபாவில் டீ குடிக்க நிறுத்தியபோது வண்டிக் கண்ணாடியைச் சாய்த்துப் பார்க்க முயன்று, கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்தப் பன்னிரண்டு விநாடிப் படத்தைச் சாமுவேல் அன்றிரவே இரண்டு வீட்டு வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டான். மூன்று மாதம் கழித்துக் கல்யாண மண்டபத்தில் மணமக்களுக்குப் பக்கத்தில் சிரித்த முகமாக நின்று, வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னேன். பர்கூர்ப் பக்கத்து உறவுக்காரப் பெண்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு என்னைத் தாண்டிப் போய், "அந்த மூத்த மாப்ள எங்கம்மா? கண்ணுலயே காணோம்" என்று மாமியாரிடம் விசாரித்தார்கள்.

மாமியார் என்னைப் பார்த்து, "கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க மாப்ளே" என்றார்.

திரும்பினேன்.

"ஓ, இவரா" என்றார்கள்.