ஏலக்காய்க்குப் பால் காய்ச்சிய வீடு

எழுபதுகளில் போடியில், எங்கள் காலனிக்குள் மாடி எடுக்க நினைத்தவர்கள், கொத்தனாரைத் தேடுவதற்கு முன்னால் ஒத்தவீட்டார் ஊரில் இருக்கிறாரா என்றுதான் விசாரித்தார்கள். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே மறந்திருக்கும். காலனிச் சங்கத்தின் நிரந்தரத் தலைவர். 'ஒரு மனைக்கு ஒரு வீடு, ஒரு வீட்டுக்கு ஒரு அடுப்பு' என்பது சங்கத்தின் சட்டம். எழுதியவரும் அவரே, காவல் காத்தவரும் அவரே.

காலையில் வாக்கிங் போகிற சாக்கில் கொடிகளில் காயும் துணிகளை எண்ணுவார். புதுச் சேலை ஒன்று கண்ணில் பட்டால் போதும், கேட்டைத் தட்டிவிடுவார்.

"இந்தப் பச்சைச் சேலை யாரோடது?"

"மதினி வந்திருக்காகய்யா."

"எப்பப் போறாக?"

வாத்தியார் வீட்டில் இரட்டைப் பிள்ளை பிறந்தபோது, கொடுத்த சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டே, "ரெண்டா? ஒண்ணுன்னுல்ல சொன்னீக!" என்று முறைத்தவர் அவர்.

மாடி வந்தால் பொதுக்கிணறு வற்றும், மலை மறையும் என்பது அவர் கட்சி. "அப்ப வேலைக்கு வர்றவுக எங்கனய்யா குடியிருப்பாக?" என்பது வாத்தியார் கட்சி. மாதாமாதம் சங்கக் கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு, எல்லாரும் ஒன்றாக டீ குடித்துக் கலைவார்கள்.

அப்படி வேலைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. பிரசவத்துக்கு மயிலாடும்பாறை போன மனைவி, கைக்குழந்தையோடு என் கடிதத்துக்குக் காத்திருந்தாள். ஐந்து மாதமாகியும் வீடு அமையவில்லை. மாமனார் எழுதும் கடிதங்கள் வரவரச் சின்னதாகிக்கொண்டே வந்தன.

கடைசியில் காலனியிலிருந்த ஏலக்காய்த் தரகர் இரக்கப்பட்டார். மூட்டை அடுக்கத்தான் என்று தலைவரிடம் சத்தியம் பண்ணி, மாடியில் ஓர் அறை எடுத்திருந்தார்.

"சத்தம் காட்டாம இருந்துக்கங்க தம்பி. மூட்டையோட மூட்டையா நீங்களும்."

சத்தம் காட்டாமல்தான் ஏறினோம். ஆனால் பால் காய்ச்சாமல் குடியேற என் மனைவி சம்மதிக்கவில்லை. பொங்கி வழிந்தால்தான் நல்லது என்று வழியவும் விட்டாள். தீய்ந்த பால் வாசனை தெருமுனைவரை போயிற்று. அடுத்த நிமிடம் வாசலில் ஒத்தவீட்டார்.

"என்னய்யா, ஏலக்காய்க்குப் பால் காய்ச்சுறீகளாக்கும்?"

தரகர் வாயைத் திறப்பதற்குள் மேலே என் மகள் வீறிட்டாள்.

"மூட்டை அழுகுது போலருக்கே!"

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவசரக் கூட்டம். எங்களை மாடியில் விடுவதா, இறக்குவதா? வாத்தியார் எங்களுக்காக உருகிப் பேசினார். கை தூக்கச் சொன்னபோது சரிபாதி. தலைவருடைய கை மட்டும் பாக்கி. அவர் கொஞ்சமும் யோசிக்காமல் எங்களுக்கு எதிராகத் தூக்கினார். என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்கு அந்த மனிதரை நாலு அறை விடலாமா என்று வந்தது.

"ஏத்தா, எங்கன கெளம்பிட்ட?" என்றார் அவர். "எங்க வீட்டுல ரெண்டு ரூமு சும்மாத்தான கெடக்கு? வந்து இருங்க. ஆனா அடுப்பு ஒண்ணுதான். தனியாப் பத்த வச்சா சட்டப்படி ரெண்டு வீடாயிரும்."

நாலு வருஷம் அந்த ஒரே அடுப்பில் சாப்பிட்டோம். குழம்பில் உப்புக் கூடினால் அவர் மனைவி என் மனைவியைக் காட்டுவார், இவள் அந்த அம்மாவைக் காட்டுவாள். காலனியையே அதட்டியவர் இந்த இரண்டு பேரிடமும் வாய் திறந்ததில்லை. மகள் மாடி வேண்டுமென்று அழுத ஒருநாள், அவளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, "இந்தா, மாடி" என்றார்.

பிறகு எனக்குப் பெரியகுளத்துக்கு மாற்றல் வந்தது. நாங்கள் கிளம்பிய மறுவாரம் யாரோ ஒரு புதுக் குமாஸ்தா அவர் வீட்டு வாசலில் போய், "குடியிருந்தவுக காலி பண்ணிட்டாகளாமே, ரூமு கெடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒத்தவீட்டார் சொன்னதை வாத்தியார் அப்படியே கடிதத்தில் எழுதியிருந்தார்.

"குடியிருந்தவுகளா? எவன்யா சொன்னது? எம் மகன் மாத்தலாகிப் போயிருக்கான். லீவுக்கு வருவான்."

மனைவிக்குப் படித்துக் காட்டினேன். லீவுக்கு இன்னும் இருபது நாள் இருந்தது. நாங்கள் அன்றைக்கே போடிக்குப் பஸ் ஏறிவிட்டோம்.