துணிக்கையர் எண்ணிய எழுபத்தொன்பது

அணுக்கருவைக் கொண்டு குடும்பச் சண்டை தீர்த்தவர் வடமராட்சியில் துணிக்கையர் ஒருவர்தான். நெல்லியடியில் பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். மீன் வாங்கப் போனாலும் அணுவுக்குள் இருக்கும் துணிக்கைகளைப் பற்றியே கதைப்பதால் அந்தப் பெயர். பருத்தித்துறைச் சந்தியில் இரண்டு ஓட்டோக்கள் முட்டியபோது, சாரதிகளை விட்டுவிட்டுக் கண்ணாடித் துண்டுகளைப் பெரிது, நடுத்தரம், பொடி என்று பிரித்துவைத்தார். “பாத்தியளே, பொடிதான் கூட. கருவும் உப்பிடித்தான் உடையும்.” ஒரு சாரதி அடிக்கவே போனான்.

போன மாரியில் ஒரு ஞாயிறு காலை, தொலைக்காட்சி வாங்குவதா இல்லையா என்று எங்கள் வாசிகசாலைக் கூட்டம் இரண்டாகப் பிளந்தது. நான் எந்தப் பக்கமும் சேரவில்லை. மூலையில் இருந்து உடைந்த கதிரைகளை எண்ணினேன், நான்கு. வீட்டுக்கு வந்ததும் சொதியில் உப்பில்லை என்று மனைவியின்மேல் பாய்ந்தேன். என்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

“அஞ்சரை பஸ்ஸிலை மகளிட்டைப் போறன். இனி நீங்களே காய்ச்சுங்கோ.”

நாற்பத்திரண்டு வருடத்தில் அவளுடைய பெட்டி விறாந்தைக்கு வந்தது அன்றுதான்.

நாலு மணிக்கு, மழைத் தூறலில், காலைக் கூட்டத்துக்கும் வந்திருந்த துணிக்கையர் வந்தார். பெட்டியைப் பார்த்தார். கதிரையை அதற்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு இருந்தார்.

“ஐசே, ரெண்டு பாரமான கரு ஓரமா முட்டினா, முட்டின பகுதி சிதறும். முட்டாத பகுதி ஒதுங்கித் தன்ரை பாட்டிலை போகும். ஆனா அதுக்கும் சூடு ஏறியிருக்கும். தனியப் போய் அதுவும் உடையும்.”

“நான் ஒருத்தரோடையும் முட்டேல்லை, மாஸ்டர்.”

“அதைத்தானே நானும் சொல்லுறன்.”

நான் போட்ட தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டுத் தள்ளிவைத்தார். பிறகு பொன்னின் கருவைக் கையில் எடுத்தார். மெல்லத் தட்டினால் இரண்டு மூன்று புரோத்தன் கழலும். ஓங்கி மோதினால் துண்டு துண்டாகும். இன்னும் ஓங்கினால் துண்டே மிஞ்சாது, பொடிதான். ஆனால் எப்படி உடைந்தாலும் எழுபத்தொன்பது புரோத்தனுக்கும் கணக்கு வரவேண்டும் என்று, ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டத் தொடங்கினார். மணி ஐந்தே கால்.

உள்ளே இருந்து குரல் வந்தது.

“மாஸ்டர், முப்பத்தெட்டை ரெண்டுதரம் எண்ணிப்போட்டியள்!”

“அப்பிடியே பிள்ளை? அப்ப ஒண்டிலையிருந்து தொடங்குவம்.”

“ஐயோ, வேண்டாம் மாஸ்டர்!”

நானும் அவளும் ஒரே நேரத்தில் கத்தினோம். அவள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். முதலில் சிரித்தது அவள்தான். பஸ் கோர்ன் அடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து போனது. குசினியிலிருந்து மூன்று தேநீர் வந்தன.

அவரை வழியனுப்பப் படலைவரை போய்க் கேட்டேன்.

“வேணுமெண்டுதானே மாஸ்டர், பிழையா எண்ணினனீங்கள்?”

“சும்மா போம் ஐசே. வயசு போட்டுது.”

சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவரை எனக்கு முப்பது வருடமாகத் தெரியும். அதற்கு முன்னும் பின்னும் அவர் எண்ணுவதில் பிழைவிட்டதை நான் கண்டதில்லை.